பிரிட்ஜ் ஆட்டத்தில் மறைத்தாடும் நெறி

சீட்டுக்கட்டு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். பொருளை வைத்தாடிக் குடிகெட்டார் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாட்டில் அச்சுளிப்பு இயல்பே. அதனை யாம் குறைகூறோம். ஆயினும் யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட 'காண்டிராக்ட் பிரிட்ஜ்' காசின்றியும் ஆடத்தக்கது. சதுரங்கத்தைப்போல அறிவையே முதலாகக் கொண்டது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் இவ்வாட்டமும் இடம்பெற்றது. நம் நாட்டினராகிய பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் இருவர் ஆடவர் இணைப் போட்டியிலே தங்கப்பதக்கம் பெற்றனர்.

சூது என்னும் பழி நீங்கினும் வேறொரு பழி எஞ்சி நிற்கின்றது. எதிரியை ஏமாற்றுதலும் இவ்வாட்டத்தின் ஓர் உறுப்பு என்று கூறக் கேட்கின்றோம். அங்ஙனமாயின், பொய்யாமையை உயிரினும் மேலாகப் போற்றக் கற்பிக்கும் கல்லூரியின் மாணவர் இதனை ஆடுதல் தகுமோ என்பது வினா. இவ்வினாவை எள்ளி நகையாடிக் கடந்து செல்லுதல் முறையன்று. ஏமாற்றுதல் என்பது இவ்வாட்டத்தில் யாது, எப்பொழுது அதனை மேற்கொள்ளல் வேண்டும், எல்லை எங்கே என்பவற்றை ஆராய்ந்த பின்னரே விடை கூறல் இயலும். கிரிக்கெட் ஆட்டத்தில் பொசன்கே என்பார் 1900ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்த 'கூக்ளி' பந்தினைப் பொய் என்று இன்று எவரும் பழிப்பதில்லை என்பதை மட்டும் இப்பொழுது நினைவிற் கொள்க.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டு இரண்டொரு சொல். நம்மூர்களில் 304 ஆடுவோர்க்குத் துருப்பு, பிடி, வெட்டு என்னும் சொற்கள் புதியன அல்ல. அவற்றையே யாமும் கையாள்வோம். 52 சீட்டுக்களும் நால்வர்க்குப் பதின்மூன்றாகப் பகிரப்படும். எதிரெதிர் அமர்ந்தோர் ஒரு கட்சி. முதலில் ஏலம் நிகழும். இத்தனை பிடி எடுப்போம் என்று மிகுதியாகக் கேட்ட கட்சி அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றல் வேண்டும். அக்கட்சியில் ஒருவரே இரண்டு கைகளையும் ஆடுவார். அவரை நடத்துவோர் என்போம். அவர்தம் துணைவரின் பதின்மூன்று சீட்டும், எதிர்க்கட்சியார் முதற்சீட்டை இறக்கியவுடன், மேசைமேல் முகம் மேலாகப் பரப்பப்படும். இதற்கு 'டம்மி' என்று பெயர். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்பது சீட்டுக்களின் இறங்குவரிசை. 1925ஆம் ஆண்டில் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் செல்வர், 'பின்லாந்து' என்னும் கப்பலிற் பனாமாக் கால்வாய் வழியாக ஹவானா நோக்கிச் சென்றபொழுது, பழைய பிரிட்ஜின் மதிப்பெண் முறையைத் திருத்தி இவ்வடிவைத் தந்தனர். ஆறாண்டு கழித்து, 1931 டிசம்பரில், கல்பர்ட்ஸன், லென்ஸ் என்னும் இருவர் நியூயார்க்கில் 150 'ரப்பர்' அளவும் பொருதபொழுது, அச்செய்தியை நாள்தோறும் வெளியிடாத அமெரிக்கப் பத்திரிகை அரிதாயிற்று.

இனி நம் பொருளுக்கு வருவோம். டம்மி விரிக்கப்பட்டபின் ஒவ்வொருவரும் எத்தனை சீட்டைக் காண்கின்றனர்? தம் கையிலுள்ள 13, டம்மியின் 13, ஆக 26. இது மூவர்க்கும் பொது. ஆனால் நடத்துவோர் காணும் 26-உம் தம் கட்சியினுடையவை. தம் படை முழுவதையும் அவர் அறிவர். தடுப்போர் ஒருவர் காணும் 26-இற் பாதி பகைவருடையது. அவர் காணாத 26 சீட்டுக்கள் தம் துணைவர் கையிலும் நடத்துவோர் கையிலும் பாதி பாதியாகக் கிடக்கின்றன. எது எவர்பால் என்று தெளிவதே அவர்க்குள்ள தொழில் முழுவதும். ஆகலின் நடத்துவோர் செய்யும் மாயம் எத்துணை வகையினதாகத் தோன்றினும், அடிப்படையில் இரண்டே: தம்பாலுள்ள சீட்டைத் தடுப்போரின் துணைவர்பால் உள்ளதுபோலக் காட்டல், அல்லது துணைவர்பால் உள்ளதைத் தம்பால் உள்ளதுபோலக் காட்டல். இதனை உளங்கொண்டார்க்குப் பின்வருவன எல்லாம் எளிதின் விளங்கும்.

தடுப்போரும் இங்ஙனம் மறைத்தாடலாகாதோ எனின், ஆடலாம்; ஆனால் அது இருபுறமும் கூருடைய வாள். தடுப்போர் இருவரும் ஒருவர் கையை மற்றவர் காணாது ஆடுவோர். தாம் இறக்கும் சீட்டாலன்றி வேறு மொழியால் பேசுதல் அவர்க்கு விலக்கு. அம்மொழியிற் பொய் கலப்பின் முதலில் ஏமாறுவார் துணைவரே. நடத்துவோர்க்கோ ஏமாறத்தக்க துணைவர் இல்லை. அவர் துணைவர் கைகட்டி வாளா இருக்கின்றார். தடுப்போர் தம்முள் உண்மை பேசியே ஆகவேண்டும் என்னும் கட்டாயமே நடத்துவோரின் மாயத்துக்கு விளைநிலம். இதனை ஓர் ஆட்டத்தில் வைத்துக் காட்டுவோம்.

வடக்கே டம்மி. இஸ்பேட்: ஏஸ், ராஜா, 6. ஆட்டின்: 7, 3. டைமன்: 10, 8, 7, 4. கிளாவர்: ஏஸ், 8, 5, 3.

தெற்கே நடத்துவோர். இஸ்பேட்: ராணி, 7, 2. ஆட்டின்: ராஜா, ராணி, 4. டைமன்: ஏஸ், ராணி, ஜாக்கி, 9. கிளாவர்: 7, 6, 2.

ஒப்பந்தம் துருப்பில்லா ஆட்டத்தில் மூன்று. அஃதாவது ஒன்பது பிடி எடுத்தல் வேண்டும். மேற்கர் ஆட்டின் 5-ஐ இறக்குகின்றார். டம்மி 3, கிழக்கர் ஜாக்கி. தெற்கர் ராஜாவால் வெல்லலாம், ராணியாலும் வெல்லலாம். இரண்டும் அவர் கையில் அடுத்தடுத்து நிற்பவை. வலிமையில் வேற்றுமை அணுவளவும் இல்லை. எதை இடுவது?

ஆடப்பழகிய புதியவர் பெரும்பாலும் ராணியையே இடுவர். சிறியதாற் காரியம் முடியுமாயின் பெரியதைச் செலவிடுவானேன் என்னும் சிக்கனபுத்தி அது. அச்சிக்கனம் ஈண்டு ஒப்பந்தத்தையே கவிழ்த்துவிடும். காரணம் கூறுவோம். தெற்கருக்கு இஸ்பேட்டில் மூன்று, ஆட்டினில் இப்பொழுது பெற்ற ஒன்று, கிளாவரில் ஒன்று, ஆக ஐந்து பிடி உறுதி. எஞ்சிய நான்கும் டைமனிலிருந்து வருதல் வேண்டும். டைமன் ராஜா கிழக்கர்பால் இருப்பின், டம்மியிலிருந்து டைமனை இறக்கி ராஜாவை நடுவிலே சிக்கவைத்து நான்கு பிடியும் பெறலாம். இம்முயற்சியைப் 'பினெஸ்' என்பர். ராஜா மேற்கர்பால் இருப்பின் முயற்சி தவறும், டைமன் மூன்றே பிடி தரும், மொத்தம் எட்டு. வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

தவறிவிட்டது என்றே கொள்வோம். மேற்கர் டைமன் ராஜாவால் வென்று சிந்திக்கின்றார். அவர்பால் ஆட்டினில் ஏஸ், 10, 8, 2 எஞ்சியுள்ளன. முதற்பிடியில் தெற்கர் ராணியை இட்டிருந்தாரேல், மேற்கர் சிந்திக்கவே வேண்டுவதில்லை. என்னை? கிழக்கர்பால் ராஜா இருந்திருப்பின் ஜாக்கியையா இட்டிருப்பார்? மூன்றாங்கையிலிருப்பவர் தம்பாலுள்ள உயர்ந்ததை இடுதல் முறை. ஆகவே ராஜா தெற்கர்பாலே. தாம் ஆட்டினைத் தொடர்ந்தால் அந்த ராஜாவுக்கு ஒரு பிடி தானமாகச் செல்லும் என்று தெளிந்து, மேற்கர் கிளாவருக்கு மாறுவர். தெற்கர் கிளாவர் ஏஸால் வென்று எட்டுப் பிடியை எண்ணி எடுத்து, ஒன்று குறைய ஆட்டத்தை இழப்பர்.

ராஜாவை இட்டிருந்தாலோ நிலைமை வேறு. மூன்றாங்கையினர் உயர்ந்ததை இடல்வேண்டும் என்னும் முறைக்கு ஒரு துணைமுறை உண்டு: ராணியும் ஜாக்கியும் அடுத்தடுத்து இருப்பின், இரண்டில் தாழ்ந்ததாகிய ஜாக்கியை இடுதல். ஆகலின் கிழக்கர் இட்ட ஜாக்கி, ராணி அவர்பால் இருப்பினும் இல்லாவிடினும் வரக்கூடியதே. மேற்கர் தம் அறிவைக்கொண்டு எண்ணுகின்றார்: தெற்கர்பால் ராஜா இருந்தது, போயிற்று; ராணி துணைவர்பால் இருத்தல் கூடும்; ஆட்டினைத் தொடர்ந்தால் நால்வகைப் பிடியும் நமதே. இவ்வெண்ணம் ஏலத்தோடும் முரணவில்லை. தெற்கர் வேறிடங்களிற் காட்டிய வலிமையே அவர் கேட்ட ஏலத்துக்குப் போதுமானது. மேற்கர் ஆட்டின் 2-ஐ இறக்குகின்றார். தெற்கர் ராணியால் வெல்கின்றார். அதுவே ஒன்பதாம் பிடி. ஏஸை முதலில் ஆடிப் பின் தொடர்ந்தாலும் முடிவு அதுவே.

இவ்வாட்டத்தை விரித்துரைத்தது ஒரு கருத்தைப் பற்றியே. தெற்கர் நேர்வழியைக் கைவிடவில்லை. டைமன் முயற்சி கைகூடியிருப்பின் ராஜாவை இட்டதால் அவர்க்கு ஒன்றும் குறைந்திராது. தவறுமாயின் அப்பொழுதைக்கு மற்றொரு வாயிலைத் திறந்து வைத்தனர், அவ்வளவே. செலவின்றி வரும் மாயத்தை எக்காலும் மேற்கொள்க என்பது இதனாற் பெறப்படும். எதிரியின் அறியாமையை நம்பியும் இது நிற்கவில்லை என்பதைக் காண்க. மூன்றாங்கை முறையை அறியாத, கிழக்கர் இட்டது ஜாக்கியா ஒன்பதா என்று நோக்காத ஒருவர் மேற்கே இருந்தால், ராஜாவை இட்டாலும் ராணியை இட்டாலும் அவர் மனம்போன சீட்டையே இறக்குவர். மாயம் பலிப்பது சிந்திப்பவரிடத்தேதான்.

செலவுள்ள மாயங்களே ஆராயத்தக்கவை. டம்மியில் ஒரு வகையில் ஏஸ், 7, 5, 2. தெற்கர் கையில் ராணி, 4, 3. நேர்வழி யாது? ஏஸை ஆடிப் பின் டம்மியிலிருந்து ராணியை நோக்கிச் சிறுசீட்டை இறக்குதல். ராஜா கிழக்கர்பால் இருப்பின் ராணி ஒரு பிடி பெறும். இதற்கு மாறாக, தெற்கர் தம் கையிலிருந்து ராணியையே முதலில் இறக்குவாராயின், அது பித்தர் செயல்போலத் தோன்றும்; ஜாக்கியின்றி ராணியை இறக்குவோர் யார்? அங்ஙனம் எவரும் செய்யார் என்பதே இதன் உயிர். ராஜாவை வைத்துள்ள மேற்கர், 'இவர்பால் ஜாக்கியும் இருத்தல் வேண்டும். இப்பொழுது மூடினால் வீண். இரண்டாவதை மூடுவோம்' என்று சிறுசீட்டை இடின், ராணி பிடி பெற்றுவிடும். துணைவர்பால் உள்ள ஜாக்கியைத் தெற்கர் கையில் அவரே கொண்டுபோய் வைத்தவராவர்.

அழகிய தந்திரந்தான். ஆயினும் இதனைக் கற்ற இளைஞர் கண்ட இடமெல்லாம் ராணியை இறக்கத் தொடங்குவதுண்டு, அது தவறு. ராஜா எங்குள்ளதென்று அறியாதபொழுது நேர்வழியே பாதி வாய்ப்பை அளிக்கின்றது. ராணியை இறக்கும் வழியோ ராஜா மேற்கே இருத்தலையும், மேற்கர் மூடாமையையும் ஒருங்கே வேண்டி நிற்கின்றது. இரண்டு நிபந்தனை ஒன்றினும் அரிது என்பது கணக்கு. ஆனால் ஏலத்தில் மேற்கரே தொடங்கி, எஞ்சிய உயர்சீட்டு யாவும் அவர்பாலே இருத்தல் வேண்டும் என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்பொழுது நேர்வழி செத்துவிட்டது. மேற்கே உள்ள ராஜா, டம்மியிலிருந்து ராணியை நோக்கிச் செல்லும் ஆட்டத்தைக் கட்டாயம் வெல்லும். முதன்மூன்று சுற்றில் இரண்டு பிடி இழப்பு. ராணியை இறக்கி மேற்கர் மூடினும் இழப்பு அதே இரண்டு, மூடாவிடின் ஒன்று. செத்த வழிக்கு ஈடாக உயிருள்ள வழி கிடைக்கும்பொழுது தயங்குவானேன்? ஒரு விலக்கு உண்டு: மேற்கர்பால் அவ்வகையில் இரண்டே சீட்டு என்று தோன்றுமாயின், ஏஸை ஆடி, அடுத்த சுற்றில் இருகையிலும் சிறியதையே இட்டு, ராஜாவைத் தனியே விழச்செய்யலாம். அது மாயமில்லாத வழி. அதுவே அங்குச் சிறந்தது.

இனி, நூறு பங்கில் இத்தனை என்று நிறுத்துக் காணத்தக்க ஒன்று. துருப்பு வகையில் டம்மிக்கு ஏஸ், ராஜா, 10, 6, 4. தெற்கர்க்கு ஜாக்கி, 9, 8, 3. எதிர்க்கட்சியில் ராணி, 7, 5, 2 என நான்கு. இந்நான்கும் இரண்டிரண்டாகப் பிரிதல் 100-க்கு 40.7, மூன்றும் ஒன்றுமாகப் பிரிதல் 49.7, நான்கும் ஒருவர்பாலே சேர்தல் 9.6. ஏஸையும் ராஜாவையும் அடுத்தடுத்து ஆடி ராணியை விழச்செய்வது நேர்வழி. இரண்டிரண்டாயின் விழும், தனித்த ராணியாயினும் விழும், அதற்கு 12.4, நான்கும் மேற்கர்பால் இருப்பின் ஏஸை ஆடியவுடன் உண்மை வெளிப்பட்டுப் பிடித்துவிடலாம், அதற்கு 4.8. கூட்டினால் ஏறத்தாழ 58.

இவ்வழியையே ஆடத் துணிந்தவர், டம்மியின் ஏஸிற் தொடங்காது, தம் கையிலிருந்து ஜாக்கியை இறக்கி, மேற்கர் மூடாவிடின் ஏஸை இடுதல் நன்று. மேற்கர்பால் ராணியோடு இரண்டு சிறுசீட்டு இருக்கும் நிலை 100-க்கு 18.7, நேர்வழி தோற்குமிடங்களுட் பெரியனவற்றுள் அதுவும் ஒன்று. ஜாக்கியைக் கண்டு, உயர்சீட்டை உயர்சீட்டால் மூடுக என்னும் பழமொழியை நினைந்து அவர் ராணியை இடுவாராயின், அந்த 18.7-இல் ஒரு பங்கு நம் கணக்கிற் சேரும். மூடாவிடின் முன்னிருந்த 58 கெடுவதில்லை. ஏன் கெடுவதில்லை என்பதைக் கூர்ந்து நோக்குக: தெற்கர்பால் 9-உம் 8-உம் உள. நான்கு சீட்டும் மேற்கர்பால் இருப்பினும், ஜாக்கி செலவானபின் 9-ஐ இறக்கி எஞ்சிய ராணியை வளைத்துவிடலாம்; 8 இறுதிச் சுற்றைக் காக்கும். அந்த 8 மட்டும் எதிரியினிடம் இருந்து, தெற்கர் கை ஜாக்கி, 9, 3, 2 என்றிருப்பின், மேற்கர் நான்கு சீட்டோடு மூடாதிருக்கும் நிலையில் ஒரு பிடி போய்விடும். அப்பொழுது இம்மாயத்திற்கு விலை 4.8 பங்கு. வரவு 18.7-இல் மேற்கர் மூடும் அளவு. அவர் ஏறத்தாழ ஐந்து முறையில் ஒருமுறைக்கு மேல் மூடுபவராயின் வாணிகம் இலாபமே. எக்காலும் மூடாத தேர்ந்தவராயின் நட்டம். ஒரு சிறிய 8, மாயத்தின் விலையை ஒன்றுமில்லாமையிலிருந்து ஏதோ ஒன்றாக்கிவிடுகின்றது. பிரிட்ஜின் இன்பம் இத்தகைய இடங்களிலேதான் உள்ளது என்பது எம் கருத்து. பெரிய ஒப்பந்தங்களைக் கேட்டு மேசையைத் தட்டுவதில் அன்று.

ஏலத்தையும் மறத்தலாகாது. தெற்கர் தம்மிடம் இத்துருப்பில் நான்கு சீட்டு என்பதை ஏலத்திலேயே பறைசாற்றியிருப்பின், மேற்கர் எண்ணிப் பார்ப்பர்: ஐந்தும் நான்கும் ஒன்பது; எம்பால் மூன்று; துணைவர்பால் ஒன்றே; மூடுவதால் எவரை உயர்த்தப்போகின்றேன்? அவர் மூடமாட்டார். நடத்துவோரின் கை எத்துணை இருண்டிருக்கின்றதோ அத்துணைக்கே மாயம் பலிக்கும். வேண்டாத வருணனைகளை ஏலத்திற் குறைத்துக்கொள்வோர் இதனை அறிந்தே செய்கின்றனர்.

சிறுசீட்டால் செய்யும் மாயம் ஒன்றையும் கூறிவிடுவோம். இதனைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. துருப்புள்ள ஆட்டம். மேற்கர் துருப்பல்லாத ஒரு வகையில் ஏஸை இறக்குகின்றார். அவர்பால் ஏஸ், ராஜா, 6, 5. டம்மியில் 9, 7, 3. கிழக்கர்பால் ஜாக்கி, 8, 4. தெற்கர்பால் ராணி, 10, 2. கிழக்கர் 4-ஐ இடுகின்றார். தாழ்ந்த சீட்டு, 'தொடரவேண்டா' என்னும் குறிப்பு. தெற்கர் இயல்பாக 2-ஐ இடுவாராயின், 3 டம்மியிலும் 2 தெற்கர்பாலும் காணப்படுதலின், 4-இனும் தாழ்ந்தது கிழக்கர்பால் இல்லை என்று மேற்கர் தெளிவர். குறிப்பை உணர்ந்து வேறு வகைக்கு மாறுவர். தெற்கரோ தொடர்வதையே விரும்புகின்றார். ராஜா போனபின் ராணி தலையெடுக்கும் அன்றோ? ஆகவே அவர் 10-ஐ இடுகின்றார். இப்பொழுது 2 எங்கே? கிழக்கர் 4, 2 என இரண்டே வைத்துக்கொண்டு, உயர்ந்ததை முதலிற் காட்டித் தொடரும்படி வேண்டுகின்றார்போலும். மூன்றாஞ் சுற்றில் வெட்டுவார் போலும் என்று மேற்கர் கருத இடமுண்டாகின்றது. ராஜாவை ஆடுகின்றார். ராணி பிழைத்தது.

10-ஐ இட்டதால் இழப்பு உண்டோ என்று வினவலாம். இல்லை. டம்மியில் 9 இருத்தலின், பின்னர் எப்பொழுதேனும் கிழக்கர் ஜாக்கியை இறக்கி ராணியை வீழ்த்தினும், 10 செய்யவேண்டிய வேலையை அந்த 9 செய்யும். ராணியையே இட்டு ஏமாற்றலாகாதோ எனின், அது வீட்டைக் கொளுத்திக் குளிர்காய்தல். காக்கவேண்டியது எதுவோ அதனையே கொடுத்து மாயம் செய்வாரும் உளர். அவர்தம் கதையை ஆட்டம் முடிந்தபின் டம்மியாய் இருந்தவர் வாயிற் கேட்டல் வேண்டும்.

நான்கு வகையில் ஒன்று தம் கட்சிக்கு மிக மெலிந்திருக்க, எதிரிகள் அதனைக் கண்டுபிடித்தால் ஆட்டம் போய்விடும் என்னும் நிலையும் துருப்பில்லா ஆட்டத்தில் அடிக்கடி நேரும். அப்பொழுது நடத்துவோர் அவ்வகையைத் தாமே இறக்குதல் ஒரு பழைய தந்திரம். கள்வன் நுழையும் வாயிலில் விளக்கேற்றி வைத்துவிட்டு உறங்குவது போன்றது. அவ்வகையில் இவர் பிடி தேடுகின்றார் என்றெண்ணித் தடுப்போர் வேறிடம் செல்வர். ஆனால் இதற்குத் துணிவு மட்டும் போதாது. பிடியைக் கொடுத்து ஆட்டத்தை எதிரி கையில் விடுவதால், ஏனைய வகைகளெல்லாம் காவலுடையனவாக இருத்தல் வேண்டும். நேராக ஆடிப் பெறவேண்டிய பிடிகள் வேறிடத்தில் இருக்கும்பொழுது இதனைச் செய்தல் வீண்விளையாட்டு.

இத்தந்திரங்கள் அனைத்திற்கும் பொதுவான ஒன்று காலம். தடுப்போர் ஒருவர்க்கொருவர் குறிப்புக் கொடுத்து முடித்தபின், கைகள் பாதி வெளிப்பட்டபின், எம்மாயமும் பலியாது. முதற்பிடியிலேயே ராஜாவா ராணியா என்று தீர்மானித்தாக வேண்டும். ஆதலின் டம்மி விரிக்கப்பட்டவுடன், முதற்சீட்டை இடுமுன், முழு ஆட்டத்தையும் எண்ணிக்கொள்வதே நடத்துவோர் கடமை. சீட்டு வந்தபின் தாடியைத் தடவி நெடிதுயிர்த்துப் பின் ராஜாவை இடுவாரேல், அந்தத் தாமதமே ராணி இருக்குமிடத்தை அறிவித்துவிடும்.

ஒருவரே ஒருவகைத் தந்திரத்தை இடையறாது கையாளின் அதுவும் ஒரு மொழியாய் எதிரிக்கு விளங்கிவிடும். ராணியைத் தேடும்பொழுதெல்லாம் ஜாக்கியை இறக்குபவர், ராணி தம்பால் இருக்கும்பொழுதும் சிற்சில வேளை ஜாக்கியையே இறக்குதல் வேண்டும். 1928ஆம் ஆண்டில் ஜான் வான் நாய்மன் என்னும் கணிதப் புலவர், இத்தகைய ஆட்டங்களில் ஒரே நெறியைப் பற்றாது பல நெறிகளை அளவறிந்து கலந்தாடுதலே எதிரிக்கு அகப்படாமைக்கு வழி என்று நிறுவினர். மேசையில் அமர்ந்து அவ்வளவைக் கணக்கிடுவார் யாரும் இலர். ஆயினும் கருத்து மெய்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இனிக் கூறலாகும். 2017ஆம் ஆண்டு வகுத்த 'டூப்ளிகேட்' பிரிட்ஜ் விதிகளில் 73ஆம் விதி இதனை நேரே தீர்க்கின்றது. கேட்கும் ஏலத்தாலும் இறக்கும் சீட்டாலும் எதிரியைத் திகைக்கவைத்தல் ஆகும். சொல்லாலும், முகக்குறிப்பாலும், வேண்டுமென்றே காட்டும் விரைவாலும் தாமதத்தாலும் அவரை மயக்குதல் ஆகாது. தம்பால் ஒரே சீட்டு இருக்கவும் இரண்டில் எதை இடுவதென்று ஆராய்வார்போல நடித்தவர் எதிரிக்கு இழப்பு விளைப்பாராயின், நடுவர் மதிப்பெண்ணைத் திருத்திக்கொடுக்கலாம். துணைவர் இருவர் தமக்குள் மறைவாகச் செய்துகொண்ட உடன்பாட்டின் துணைகொண்டு மயக்குதலும் விலக்கே. தம் முறைகளை எதிரி வினவின் உள்ளவாறு உரைத்தல் கடன்.

இவ்விதியை வகுத்தார் எல்லைக்கோட்டை எங்கே இட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. பொய் என்பது, உண்மை கூறுவார் என்று நம்புதற்கு உரிமையுடைய ஒருவரிடத்தே அந்நம்பிக்கையைக் கெடுத்தல். நடத்துவோர் இடும் சீட்டு தம் கையைப்பற்றி உண்மை கூறும் என்று நம்புதற்கு மேற்கர்க்கு எவ்வுரிமையும் இல்லை. அவர் மேசைக்கு வரும்பொழுதே அதனை அறிந்து வருகின்றார். அடுத்த ஆட்டத்தில் தாமே நடத்துவோராய் அமர்ந்து அதனையே செய்வர். ஆனால் எதிரிலிருப்பவர் பெருமூச்சு விட்டால் மெய்யாகவே இடர்ப்படுகின்றார் என்று நம்புதற்கு எவர்க்கும் உரிமை உண்டு. அப்பெருமூச்சைக் கருவியாக்குதல் ஆட்டத்தை விட்டு வெளியேறி மனிதரை ஏமாற்றுதல். ராஜாவை இட்ட தெற்கர் முகத்தில் மாற்றமின்றி, ராணியை இடுவதற்கு எத்துணை நேரம் கொள்வாரோ அத்துணை நேரமே கொண்டு, மேற்கர் கண்ணெதிரே சீட்டை வைத்தனர். எஞ்சியதை மேற்கரே எண்ணினர். அவ்வெண்ணம் தவறாயிற்று, ஆட்டம் முடிந்து நான்கு கைகளும் மேசைமேல் விரிக்கப்பட்டபொழுது, கிழக்கர்பால் ஜாக்கி, 9, 6 மட்டுமே இருக்கக் கண்டு, 'ராணியை இட்டிருந்தால் கிளாவர் இறக்கியிருப்பேன்' என்று அவர் தெற்கரை நோக்கிக் கூறுதல் கூடும். பிரிட்ஜ் ஆடுவோரிடையே அது வசை அன்று, பாராட்டு.